சாங்கிச் சிறையில் பிறந்த போர்வைகள்

தமிழில் ஆடையைக் குறிக்கும் பழைய சொற்களுள் அறுவை என்பது ஒன்று. அறுக்கப்படுவது அறுவை. இன்று வழங்கும் துணி என்னும் சொல்லும் அத்தகையதே. துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு. தறியினின்று வெட்டி எடுக்கப்படுவதால் இப்பெயர்கள் அமைந்தன. வெட்டிய துணியை மீண்டும் இணைக்கும் தொழிலுக்குத் துன்னம் என்றும் தையல் என்றும் பெயர். புகார் நகரத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் சிலப்பதிகாரம் அவர்களுள் துன்னகாரரையும் மறவாமல் சேர்த்திருக்கின்றது. தையல் என்னும் சொல்லுக்கு அழகு என்றும் பெண் என்றும் வேறு பொருள்களும் உண்டு என்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர்.

வீட்டுத் தையலை ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று கருதுவோர் பலர். அரசர்களையும் போர்களையும் பேசும் வரலாற்று நூலில் ஊசிக்கும் நூலுக்கும் என்ன இடம் என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆயினும் இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரில் சில பெண்கள் கந்தல் துணிகளைக் கொண்டு தைத்த போர்வைகள் இன்று இரண்டு நகரங்களின் சேகரிப்புகளில் வரலாற்று ஆவணங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. அப்போர்வைகள் எவ்வாறு பிறந்தன, ஏன் பிறந்தன என்பதை அறிந்தால், வீட்டுக் கைத்தொழில் என்பது சில வேளைகளில் கடிதமாகவும் சாட்சியாகவும் நிற்கக்கூடும் என்பது விளங்கும்.

துணிக்குப் பங்கீடு

போர் வந்தால் முதலில் குறைவது உணவு; அடுத்துக் குறைவது உடை. கப்பல்கள் படைகளையும் படைக்கலங்களையும் சுமக்கப் போய்விடுகின்றன. ஆலைகள் சீருடையும் கூடாரத் துணியும் நெய்யத் தொடங்குகின்றன. நெசவு ஆலைகளில் இருந்த தொழிலாளர் வெடிமருந்துச் சாலைகளுக்கு மாற்றப்படுகின்றனர். பொதுமக்களுக்கு எஞ்சும் துணி சிறிதளவே.

இங்கிலாந்தில் 1941 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று உடைப் பங்கீடு தொடங்கியது. ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு 66 கூப்பன்கள். பெண்களின் கம்பளி உடை ஒன்றுக்கு 11 கூப்பன். ஆண்களின் மேற்சட்டைக்கு 13. காலுறை ஓர் இணைக்கு 2. பின்னர் அந்த 66 கூப்பன்களும் குறைக்கப்பட்டன. பணம் இருந்தாலும் கூப்பன் இல்லையேல் உடை இல்லை. ஆதலால் செல்வர் வீட்டிலும் ஏழையர் வீட்டிலும் ஊசி வெளியே வந்தது.

1943 ஆம் ஆண்டில் அந்நாட்டு வாணிகத் துறை ஒரு சிறு நூலை வெளியிட்டது. இருப்பதைக் கொண்டு சமாளிப்பதும் கிழிந்ததைச் செப்பனிடுவதுமே அதன் பொருள். போர்முனைக்குச் சென்ற கணவனின் உடுப்பை மனைவிக்குப் பாவாடையாகவும் மேற்சட்டையாகவும் மாற்றுவது எப்படி, முழங்கை தேய்ந்த இடத்தில் ஒட்டுப் போடுவது எப்படி, பழைய பின்னலைப் பிரித்து அந்த நூலாலேயே புதிதாகப் பின்னுவது எப்படி என்றெல்லாம் அந்நூல் கற்பித்தது. கம்பளிப் போர்வைகள் மேலங்கிகளாயின. விமானப்படையின் வான்குடைப் பட்டு கிடைத்த இடங்களில் மணப்பெண் உடையாயிற்று. போர் 1945 ஆம் ஆண்டில் முடிந்த பின்னும் இந்தப் பங்கீடு நீடித்து, 1949 மார்ச் 15 ஆம் நாளன்றுதான் நீங்கியது.

அமெரிக்க நாட்டின் சிற்றூர்களில் போருக்கு முன்பே இத்தகைய வழக்கம் இருந்தது. மாவும் கால்நடைத் தீனியும் பருத்திப் பைகளில் விற்கப்பட்டன. உழவர் வீட்டுப் பெண்கள் அப்பைகளைப் பிரித்து வெளுத்துக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தனர். அதனைக் கண்ட வணிகர்கள் பூப்போட்ட துணியிலேயே பைகளைத் தைத்து விற்கலாயினர். எந்தப் பூ வேண்டும் என்று கேட்டு மாவு வாங்கும் நிலையும் உண்டாயிற்று.

கோணி உடுத்த மலாயா

மலாயாவின் நிலை வேறு. இங்குப் பெரிய நெசவாலைகள் இல்லை. திரங்கானுவிலும் கிளந்தானிலும் சிறந்த கைத்தறி நெசவு இருந்ததாயினும், அதற்கு வேண்டிய நூலில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வந்தது. மக்கள் உடுத்த துணி இங்கிலாந்து, இந்தியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் ஆலைகளிலிருந்து கப்பலேறி வந்தது. 1942 பிப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்ததும் அந்தக் கப்பல்கள் நின்றன. கடைகளில் இருந்த துணி சில மாதங்களில் தீர்ந்தது. எஞ்சியது கறுப்புச் சந்தையில் மறைந்தது. மக்கள் வாழைமர நோட்டு என்று அழைத்த ஜப்பானியர் பணத்தின் மதிப்புக் குறையக் குறைய, ஒரு வேட்டியின் விலை தொழிலாளியின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது.

தோட்டப்புறங்களில் துன்பம் இன்னும் கடுமை. ரப்பர் ஏற்றுமதி நின்றதால் பால்மரம் வெட்டும் வேலை சுருங்கியது. கூலியும் சுருங்கியது. அரிசி இருந்த இடத்தில் மரவள்ளிக் கிழங்கு வந்ததுபோல, வேட்டியும் சேலையும் இருந்த இடத்தில் கோணி வந்தது. முன்பு அரிசி மூட்டைகளாக வந்து அடுக்கப்பட்டிருந்த சணல் சாக்குகளே புதுத்துணியாயின. சாக்கை ஊறவைத்து அடித்துத் துவைத்தால் முரடு சற்றே குறையும். தலைக்கு ஒரு துளை, கைகளுக்கு இரு துளைகள் வெட்டினால் அது சட்டை. இடையில் சுற்றினால் அது கைலி. மாவு வந்த பருத்திச் சாக்கு கிடைத்தவர் பேறு பெற்றவர். அதனைக் கொதிநீரில் இட்டு ஆலையின் முத்திரையைப் போக்கிக் குழந்தைக்குச் சட்டை தைத்தனர்.

தையல் நூலும் அரிதாயிற்று. அன்னாசி இலையின் நாரை உரித்தெடுத்து நூலாகப் பயன்படுத்தினர். பழைய துணியின் ஓரத்திலிருந்து இழைகளை ஒவ்வொன்றாக உருவிச் சேர்த்தனர். தேய்ந்த டயரை அறுத்துச் செருப்புச் செய்தனர். சவுக்காரம் இல்லாதபோது சாம்பல் நீரில் துவைத்தனர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்னும் பழமொழி அந்த மூன்றரை ஆண்டுகளில் அன்றாட நடைமுறை ஆயிற்று.

இங்கிலாந்தின் பெண்ணுக்குக் கூப்பனும் கையேடும் இருந்தன. மலாயாப் பெண்ணுக்கு அவை இல்லை. அண்டை வீட்டாரைக் கண்டு கற்றதும் தாமே எண்ணிச் செய்ததுமே அவர்களுக்கு வழிகாட்டி.

சிறைக்குள் நானூறு பேர்

இந்தக் காலத்தில்தான் சாங்கிப் போர்வைகள் தைக்கப்பட்டன. சிங்கப்பூர் வீழ்ந்த பின் ஆங்கிலேயரும் அவர்தம் நேச நாட்டவரும் ஜப்பானியரால் காவலில் வைக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் முதலில் கத்தோங் வட்டாரத்து வீடுகளில் நெருக்கி வைக்கப்பட்டனர். 1942 மார்ச் 8 ஆம் நாள் அவர்கள் அங்கிருந்து சாங்கிச் சிறைக்கு வெயிலில் நடத்திச் செல்லப்பட்டனர். அவர்கள் தொகை ஏறத்தாழ நானூறு. 1936 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அச்சிறை, சுமார் 600 கைதிகளுக்கென ஆங்கிலேயரே கட்டியது. இப்போது அதில் பொதுமக்களான ஆடவர் மட்டுமே ஈராயிரத்துக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தனர். பெண்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. போர்க்கைதிகளான படைவீரர்கள் சிறைக்கு வெளியே, சாங்கிப் பாசறைகளில் இருந்தனர்.

ஒரே மதிலுக்குள் இருந்தும் கணவன் மனைவியைக் காண இயலாது. பாசறையில் இருந்த படைவீரனுக்குத் தன் மனைவி சிறையில் இருக்கின்றாளா, கப்பலேறித் தப்பினாளா, கடலில் மூழ்கினாளா என்பது தெரியாது. சிங்கப்பூர் வீழ்வதற்கு முன் இறுதி நாட்களில் புறப்பட்ட கப்பல்கள் பல குண்டுபட்டு மூழ்கியிருந்தன. ஆதலால் உயிரோடிருக்கின்றோம் என்னும் ஒரு சொல்லே அப்போது பெருஞ்செல்வம். அச்சொல்லை அனுப்பக் கடிதத்துக்கு வழியில்லை.

அறுபத்தாறு சதுரங்கள்

கனடா நாட்டில் பிறந்த எதெல் மல்வேனி என்னும் பெண்மணி அச்சிறையில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பாளராக இருந்தார். மருத்துவமனையில் கிடக்கும் காயமுற்றோருக்குப் போர்வை தைத்து அளிக்கலாம் என்னும் எண்ணத்தைச் செயலாக்கியவர் அவரே. பெண்களுக்கு ஆளுக்கு ஒரு சதுரத் துணி கொடுக்கப்பட்டது. ஒவ்வொருத்தியும் தன்னைப் பற்றிய ஏதேனும் ஒன்றை அச்சதுரத்தில் பூவேலையாகச் செய்து, தன் பெயரையும் பொறிக்க வேண்டும். இதுவே அவர் வகுத்த முறை.

இவ்வாறு 66 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. 1942 ஆம் ஆண்டில் மூன்று போர்வைகள் உருவாயின. ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு. ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. மற்றொன்று, வியக்கத்தக்க வகையில், ஜப்பானிய வீரர்களுக்கு.

அச்சதுரங்களில் என்ன இருந்தன? பூக்கள் மிகுதி. பிறந்த நாட்டின் படம், ஊரில் விட்டுவந்த வீடு, கப்பல், கொடி, செல்லப் பிராணி ஆகியனவும் இருந்தன. சிறைவாழ்வைத் தாமே எள்ளி நகையாடும் சதுரங்களும் உண்டு. பழகிய கையின் நுண்ணிய தையலும், ஊசி பிடித்தறியாத கையின் கோணல் தையலும் அருகருகே கிடக்கின்றன. போருக்கு முன் ஆயாவும் சமையற்காரரும் வைத்து வாழ்ந்த பெண்கள் பலர் அவர்களுள் இருந்தனர் என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. கோணல் தையலைப் பிரித்துவிட்டு வேறொருத்தியிடம் கொடுத்துத் தைக்கச் செய்யவில்லை. தைத்தவள் இன்னாள் என்பதே அங்கு முதன்மை.

போர்வை பாசறை மருத்துவமனையை அடைந்தால், அதனைக் காண்போர் 66 பெயர்களைப் படிப்பர். படித்தவர் மற்றவருக்குச் சொல்வர். இன்னாரின் மனைவி உயிரோடிருக்கின்றாள் என்னும் செய்தி பாசறையில் பரவும். மேலதிகாரிகளின் கண்முன்னே, அவர்கள் ஒப்புதலோடு, இந்தச் செய்தி மதிலைத் தாண்டியது. சில சதுரங்களில் கணவனுக்கு மட்டும் விளங்கும் குறிப்புகள் இருந்தன என்று பிற்காலத்தார் கூறுவர். அது நிகழக்கூடியதே. ஆயினும் ஒவ்வொரு பூவுக்கும் ஒவ்வொரு பறவைக்கும் மறைபொருள் கற்பிப்பது ஆராய்ச்சிக்கு ஒவ்வாது. பெயர் ஒன்றே போதிய செய்தி.

ஆஸ்திரேலிய வீரர்களுக்குரிய போர்வையின் பின்புறத்தில் ஒரு குறிப்புத் தைக்கப்பட்டுள்ளது. சாங்கிக் காவல் முகாமின் பெண்கள் காயமுற்ற வீரர்களுக்குப் பரிவுடன் அளிப்பது என்றும், போர் முடிந்தபின் இதனைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் சேர்க்க வேண்டும் என்றும் அது கூறுகின்றது. அத்துடன், இப்போர்வையை நீரில் துவையாமல் உலர்சலவை செய்வதே நல்லது என்றும் ஓர் அறிவுரை இருக்கின்றது! அடுத்த வேளை உணவு என்ன என்று அறியாத சிறையில் அமர்ந்து, போர் ஒருநாள் முடியும், இத்துணி ஒருநாள் சலவைக்குப் போகும் என்று எண்ணிய உள்ளத்தை இந்த ஒரு வரி காட்டுகின்றது.

மூன்றாவது போர்வை

பகைவருக்குப் போர்வை தைத்ததேன்? ஜப்பானியருக்கும் ஒன்று உண்டு என்றால்தான் மற்ற இரண்டையும் வெளியே அனுப்ப ஒப்புதல் கிடைக்கும் என்னும் கணிப்பே இதற்குக் காரணம் என்பது பெரும்பாலோர் கருத்து. மூன்றாவது போர்வையில் நாட்டுப்பற்றைக் காட்டும் சின்னங்கள் குறைவு. பூக்களும் இனிய காட்சிகளும் மிகுதி என்பதும் இக்கருத்துக்குத் துணை நிற்கின்றது.

ஆயினும் அதிலுள்ள சதுரங்களும் பொறுப்போடு தைக்கப்பட்டவையே. காயமுற்றுக் கிடப்பவன் எந்த நாட்டான் ஆயினும் அவனுக்கும் தாய் ஒருத்தி இருப்பாள் என்னும் எண்ணம் தைத்தவர்களுள் சிலருக்கேனும் இருந்திருக்கலாம். சூழ்ச்சியும் இரக்கமும் ஒரே துணியில் கலந்திருக்கும்போது இரண்டையும் இழை இழையாகப் பிரித்துக் காட்டுதல் எளிதன்று.

சிறுமியரின் பரிசு

இம்மூன்றும் அன்றி, நான்காவதாக ஒரு போர்வையும் உண்டு. சிறையில் எலிசபெத் என்னிஸ் என்பவர் சுமார் இருபது சிறுமியரைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தினார். சிறை முற்றத்தின் ஒரு மூலையில் வாரம் ஒருமுறை அவர்கள் கூடினர். தம் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாகச் சிறுமியர் அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைக்கத் தொடங்கினர்.

கடையில் துணி வாங்க வழியில்லை. கிழிந்த உடைகளில் நைந்துபோகாத பகுதிகளை வெட்டி எடுத்தனர். நூல் வேண்டுமே! பழந்துணியின் இழைகளை உருவி நூலாகக் கொண்டனர். துண்டுகளை அறுகோண வடிவில் வெட்டி, நடுவில் ஒன்றும் சுற்றிலும் ஆறுமாக இணைத்துப் பூப்போல் அமைத்தனர். பூவின் நடுவே தைத்தவள் பெயர் இருந்தது. தேன்கூடு போன்ற இவ்வமைப்புச் சிறிய துண்டுகளையும் வீணாக்காமல் சேர்ப்பதற்கு மிகவும் ஏற்றது. இச்சிறுமியரின் முயற்சியே பெரியவர்களின் போர்வைகளுக்குத் தூண்டுகோல் ஆயிற்று என்றும் கூறுவர்.

இந்தச் சிறுமியர் போர்வை இன்று இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. பிரிட்டிஷ் வீரர்களுக்குரிய போர்வை அதே நகரில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் உள்ளது. ஆஸ்திரேலியப் போர்வையையும் ஜப்பானியப் போர்வையையும் கேன்பராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகம் காத்து வருகின்றது. ஹாங்காங்கின் ஸ்டான்லி முகாமில் காவலில் இருந்த பெண் ஒருவர் ஒரே படுக்கை விரிப்பில் 1,100 பெயர்களையும் குறிகளையும் தைத்து வைத்தார். அதுவும் பெயர்களின் ஆவணமே.

எதெல் மல்வேனி இன்னொரு செயலும் செய்தார். பசியால் வாடிய பெண்கள் கூடி அமர்ந்து தாம் முன்பு சமைத்த உணவுகளை ஒருவருக்கொருவர் விரித்துரைப்பது வழக்கம். அந்தச் சமையற் குறிப்புகளை எல்லாம் அவர் ஏடுகளில் எழுதி வைத்தார். போருக்குப் பின் கனடாவில் அவற்றை நூலாக அச்சிட்டு, விற்று வந்த பணத்தை முன்னாள் கைதிகளின் நலனுக்குச் செலவிட்டார்.

பெயர் இல்லாத தையல்

சாங்கிப் போர்வைகளைப் போற்றும்போது, அதே ஆண்டுகளில் அதே மண்ணில் தைக்கப்பட்டு அழிந்துபோன துணிகளையும் எண்ணாமல் இருக்க முடியாது.

சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இருப்புப்பாதை அமைக்க ஜப்பானியர் ஆள் சேர்த்தனர். அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். கட்டிய துணியோடு சென்றவர்கள் பலர். அத்துணி மழையிலும் சேற்றிலும் நைந்தபின் கோணியே பகலில் உடை, இரவில் போர்வை. பல்லாயிரவர் மீளவில்லை.

அப்பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் கல்லறைத் தோட்டம் உண்டு. அங்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகைய பெயர் வரிசை இல்லை. கொடுத்த கணக்கும் கொண்ட கணக்கும் எழுதி வைப்பார் இல்லாமல், காட்டோரக் குழிகளில் அவர்கள் மறைந்தனர். லயத்து வீட்டில் இருந்த மனைவி கணவனுக்கென்று தைத்த கோணிச் சட்டையில் பெயர் பொறிக்க எண்ணியிருக்கமாட்டாள். எண்ணியிருந்தாலும் எழுத்தறியாதவர்களே பலர். அந்தச் சட்டை எந்த அருங்காட்சியகத்தையும் அடையவில்லை.

இதனால் சாங்கிப் பெண்களின் துன்பம் சிறிதாகிவிடாது. அவர்களும் பசித்தனர், நோயுற்றனர், அவர்களுள்ளும் மீளாதவர் உண்டு. ஆயினும் ஒரு மக்கட்கூட்டத்தின் நினைவு நிலைப்பதற்கும் மற்றொரு கூட்டத்தின் நினைவு மங்குவதற்கும் காரணம் துன்பத்தின் அளவு அன்று என்பது இங்கே தெளிவாகின்றது. பெயர் எழுதப்பட்டதா? எழுதியதைக் காக்க ஒரு நிலையம் இருந்ததா? இவ்விரு வினாக்களே அதனை முடிவு செய்கின்றன. சாங்கியில் எழுத்தறிந்த பெண்கள் இருந்தனர். பெயரைப் பொறி என்று சொல்லும் ஒருவர் இருந்தார். போர் முடிந்தபின் வாங்கிக் காக்கச் செஞ்சிலுவைச் சங்கம் இருந்தது. தோட்டத்தில் இம்மூன்றும் இல்லை.

ஆசிரியர் செய்யத்தக்கது

போர்க்காலத்தைக் கண்ணாற் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்களின் மக்களும் முதியவராகிவிட்டனர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆயினும் சில வீடுகளில் தகரப் பெட்டியின் அடியில் பழைய துணி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். பாட்டி தைத்த ஒட்டுப் போர்வை, கையால் பின்னிய கூடை, பாசிமணி கோத்த மாலை, டயர் அறுத்த கத்தி என்று ஏதேனும் ஒன்று எஞ்சியிருக்கலாம். பொருள் போய்விட்ட வீடுகளில் அதைப் பற்றிய பேச்சாவது எஞ்சியிருக்கும்.

கைவேலை வகுப்பில் மாணவர் துணித்துண்டுகளை ஒட்டித் தைக்கப் பழகும்போது, இவ்வரலாற்றையும் ஆசிரியர் சேர்த்துச் சொல்லலாம். வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் செய்யலாம். செய்தவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்தப் பொருளால் செய்தார் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை எழுதினால் அதுவே ஓர் ஆவணம். வகுப்பில் முப்பது மாணவர் இருந்தால் முப்பது சதுரங்கள் சேரும். அவற்றைப் பள்ளியின் அலமாரியில் பாதுகாத்தல் அடுத்த கடமை.

சாங்கிச் சிறையில் ஊசி பிடிக்கத் தெரியாத பெண்ணும் தன் பெயரைத் தைத்தாள். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பெயரைப் படிக்க முடிகின்றது. தோட்டத்துப் பாட்டியின் பெயரை அவள் பேரக்குழந்தை இன்று ஏட்டில் எழுதி வைக்கலாம். அதற்குக் காலம் இன்னும் முற்றிலும் கடந்துவிடவில்லை.